எச்-4-இல் இருந்து நர்சிங்: ஏபிஎஸ்என்னா, கம்யூனிட்டி காலேஜா, நேரடி எம்எஸ்என்னா?

கடலூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். பி.இ. ஈசிஇ, அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரி, 2013. அதன்பின் டெஸ்டிங் வேலை. இப்போது டெக்சாஸ், எச்-4 (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசா). கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவரது நிறுவனம் போடும் மனு) அப்ரூவ் ஆகிவிட்டது, நான் இஏடிக்கு (வேலை அனுமதி அட்டை) இன்னும் விண்ணப்பிக்கவில்லை. நர்சிங்குக்கு மாறுவதில் குழப்பம் இல்லை. எந்த வழியில் போவது என்பதில்தான் குழப்பம்.

ஏற்கெனவே டிகிரி இருப்பவர்களுக்கு ஏபிஎஸ்என், அதாவது 12 மாதத்தில் பி.எஸ்.என். (நர்சிங் இளநிலைப் பட்டம்) என்று விளம்பரம் வருகிறது. நிஜமாகவே 12 மாதம்தானா? பி.இ. பாடங்களில் எதையாவது கணக்கில் எடுப்பார்களா? நேரடி எம்எஸ்என் (நர்சிங் முதுநிலை) சேர்ந்தால் நர்ஸ் ப்ராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் தகுதியுள்ள நர்ஸ்) ஆகிவிடலாமா? கல்லூரி தரமானதா என்பதை எதை வைத்துப் பார்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெட்சர்ஜ்_பக்கம்

12 மாதம் என்பது முதல் நர்சிங் வகுப்புக்கும் கடைசி நர்சிங் வகுப்புக்கும் இடையில் உள்ள காலம் மட்டும். ஏபிஎஸ்என் படிப்புகள் 11 முதல் 18 மாதம் வரை ஓடும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

முன்னால் ப்ரீரெக், அதாவது சேர்வதற்கு முன்பே முடிக்க வேண்டிய பாடங்கள். அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி ஒன்று, இரண்டு, மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி எல்லாம் லேபோடு தலா 4 கிரெடிட். புள்ளியியல், நியூட்ரிஷன், வளர்ச்சிப் பருவ உளவியல் தலா 3. கல்லூரிக்குக் கல்லூரி ஒன்றிரண்டு கூடும், குறையும். இதில் சிக்கல் எண்ணிக்கை இல்லை, வரிசை. அனாட்டமி ஒன்றை முடித்தால்தான் இரண்டு. சில இடங்களில் பயாலஜியோ கெமிஸ்ட்ரியோ முடிக்காமல் அனாட்டமி ஒன்றிலேயே உட்கார விடமாட்டார்கள். அதனால் எவ்வளவு வேகமாகப் படித்தாலும் இரண்டு மூன்று செமஸ்டர் ஆகும்.

பிறகு விண்ணப்பம். வகுப்பு தொடங்க ஆறேழு மாதம் முன்பே கடைசித் தேதி போய்விடும். படிப்பு முடிந்தபின் என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு எழுத அனுமதி வர வேண்டும், தேர்வு, லைசென்ஸ், அதன்பின் மருத்துவமனையின் நியூ கிராட் ரெசிடென்சி (புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கான பயிற்சியோடு கூடிய வேலை) எந்த மாதம் தொடங்குகிறதோ அதுவரை காத்திருப்பு. இன்றிலிருந்து முதல் சம்பளம் வரை இரண்டரையிலிருந்து மூன்று வருடம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். 12 மாதம் என்று வீட்டில் சொல்லிவிட்டால் நடுவில் பணத்திலும் குழந்தைப் பராமரிப்பிலும் நெருக்கடி வரும்.

வைகை_ஒகாயோ

பி.இ. பாடங்கள் பற்றி. டிகிரி டிகிரியாக ஏற்கப்படும், அதுதான் முக்கியம். ஏபிஎஸ்என்னுக்கு உள்ளே போகும் சாவி அதுதான். ஆனால் பாடவாரியாக ஏற்பது வேறு கதை.

ஈசிஇ-யில் படித்த ப்ராபபிலிட்டி அண்ட் ராண்டம் பிராசஸைப் புள்ளியியலுக்கு ஈடாகக் காட்டப் பலர் முயல்வார்கள். பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். அவர்கள் கேட்பது மாதிரி எடுப்பது, கருதுகோள் சோதனை, நம்பக இடைவெளி இதெல்லாம் உள்ள பாடம். முதல் வருட இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரியும் அப்படியே. கொதிகலன் நீர், பாலிமர், அரிப்பு என்று அது வேறு திசையில் போகும். இங்கே தேவை பொது வேதியியல், கொஞ்சம் கரிம, உயிர் வேதியியல். உளவியல், ஆங்கிலக் கட்டுரை எழுதுதல் மாதிரிப் பாடங்களை இங்கேயே புதிதாக எடுத்துவிடுவது வேகமான வழி.

உயிரியலில் பி.எஸ்சி. படித்தவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அறிவியல் பாடங்கள் 5 அல்லது 7 வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கும். வெளிநாட்டு லேபை ஏற்காத கல்லூரிகளும் உண்டு. 3 வருட பி.எஸ்சி.யை, வெளிநாட்டு டிகிரியை அமெரிக்க டிகிரியோடு ஒப்பிட்டு அறிக்கை தரும் மதிப்பீட்டு நிறுவனங்களில் சில முழு பேச்சலர் என்று எழுதும், சில மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் எழுதும். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பீர்கள் என்று கல்லூரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு, பிறகு பணம் கட்டுங்கள். அறிக்கை ஒவ்வொரு பாடத்தையும் தனியாக மதிப்பிடும் கோர்ஸ்-பை-கோர்ஸ் வகையாக இருக்க வேண்டும். டிகிரியை மட்டும் சொல்லும் மலிவான அறிக்கையில் மதிப்பெண் சராசரி வராது, மறுபடியும் காசு கட்ட நேரிடும்.

டிரான்ஸ்கிரிப்ட் (அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்) ஊரிலிருந்து பல்கலைக்கழகம் வழியாக நேராகப் போக வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் மெதுவான வேலை. முதலில் அதைத் தொடங்குங்கள்.

கடலூர்க்காரி

மிக்க நன்றி. அப்படியானால் ப்ரீரெக் எல்லாமே இங்கேதான் என்று எடுத்துக்கொள்கிறேன். விசா பக்கம் எப்படி? எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் நல்லது என்று ஒருவர் சொன்னார்.

படிவம்_765

உங்கள் நிலையில் எஃப்-1 தேவையில்லை, மாறினால் நஷ்டமும் வரலாம்.

எச்-4-இல் முழுநேரம் படிக்கலாம். கிளினிக்கல், அதாவது மருத்துவமனையில் செய்யும் பயிற்சி, பாடத்திட்டத்தின் பகுதி, சம்பளம் கிடையாது, அதனால் அதற்கு வேலை அனுமதி வேண்டாம். எச்-4-இல் இருப்பவர் குடியிருப்பு காட்டி உள்மாநிலக் கட்டணம் பெற பல மாநிலங்கள் இடம் கொடுக்கின்றன. எஃப்-1-க்கு மாறிவிட்டால் அந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும்.

எஃப்-1-இன் லாபம் படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதி. ஆனால் நர்சிங் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகள்) பட்டியலில் இல்லை. ஐ.டி.க்காரர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இதற்குக் கிடையாது, 12 மாதத்தோடு சரி. அதன்பின் எச்-1பி என்று நினைக்கக்கூடாது. ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) வேலைக்கு பேச்சலர் கட்டாயம் இல்லை என்பதால் சாதாரண வார்டு நர்ஸ் வேலை எச்-1பி-க்குப் பொதுவாகத் தகுதி பெறாது. கிரீன் கார்டுக்கு ஷெட்யூல் ஏ என்ற வழி இருக்கிறது, லேபர் சர்டிஃபிகேஷன் வேண்டாம். ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதற்கான இபி-3 என்ற கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வழியில் போனால் அமெரிக்காவிலேயே படித்திருந்தாலும் வீசாஸ்கிரீன் என்ற நர்ஸ் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், இதைப் பலர் கடைசியில்தான் கேள்விப்படுகிறார்கள்.

ஆகவே உங்களுக்கு வேலை தரப்போவது எச்-4 இஏடி. கணவரின் ஐ-140 அப்ரூவ் ஆனதால் தகுதி வந்துவிட்டது. 2015-இல் வந்த விதி அது. படிப்பு முடியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், இப்போதே போடுங்கள். காரணம் சோசியல் செக்யூரிட்டி எண். இஏடி படிவத்திலேயே அதையும் கேட்கும் பெட்டி இருக்கிறது, டிக் செய்யுங்கள். நர்சிங் லைசென்ஸுக்கு அந்த எண்ணைக் கேட்கும் மாநிலங்கள் உண்டு. கலிஃபோர்னியா ஐடின் (வரி கட்டுவதற்கான எண்) எண்ணையும் ஏற்கும், ஆனால் எல்லா மாநிலமும் அப்படி இல்லை. டெக்சாஸ் நர்ஸ் லைசென்ஸ் காம்பாக்டில் உள்ள மாநிலம். ஒரே லைசென்ஸில் மற்ற காம்பாக்ட் மாநிலங்களிலும் வேலை செய்யலாம், ஆனால் அந்தப் பல மாநில லைசென்ஸுக்கு சோசியல் செக்யூரிட்டி எண் கட்டாயம்.

இன்னொன்று. 2025 அக்டோபர் 30 முதல், அதன்பின் போடும் இஏடி புதுப்பித்தல் விண்ணப்பங்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு நின்றுவிட்டது. கார்டு தேதி முடிந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்த வேண்டும். நியூ கிராட் ரெசிடென்சி நடுவில் அப்படி நின்றால் இடம் போய்விடும். காலாவதிக்கு 180 நாள் முன்பே புதுப்பிக்கப் போடலாம், அந்த முதல் நாளிலேயே போடுங்கள்.

கம்யூனிட்டி_காலேஜ்_கட்சி

எல்லோரும் ஏபிஎஸ்என் என்றே பேசுகிறீர்கள், ஏடிஎன் பற்றியும் ஒரு வார்த்தை.

கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி. எழுதுவது அதே என்கிளெக்ஸ், கிடைப்பது அதே ஆர்.என். லைசென்ஸ். லைசென்ஸ் அட்டையில் எந்த டிகிரி என்று இருக்காது. கட்டணம் தனியார் ஏபிஎஸ்என்னின் ஒரு சிறு பங்குதான். வேலைக்குச் சேர்ந்தபின் ஆர்.என்.-டு-பி.எஸ்.என். ஆன்லைனில் ஒரு வருடத்தில் முடிக்கலாம், பல மருத்துவமனைகள் அதற்குப் பணமும் தரும்.

எச்-4-காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், மத்திய அரசுக் கடன் உங்களுக்குக் கிடையாது. ஃபாஃப்சா (அந்த உதவிக்கான விண்ணப்பம்) எல்லாம் பெரும்பாலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான். தனியார் கடன் வாங்கப் பெரும்பாலும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கைக்காசு போட்டுத்தான் படிக்கப்போகிறீர்கள். அப்போது சில மாத வேகத்துக்காக எத்தனை ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள்.

மெட்சர்ஜ்_பக்கம்

கட்சிக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் இரண்டு விஷயம் விட்டுப்போனது. ஏடிஎன் இடங்களுக்குப் புள்ளி முறை, சில இடத்தில் குலுக்கல், சில இடத்தில் காத்திருப்புப் பட்டியல். ஒரு வருடம் அதிலேயே போனால் மிச்சப்படுத்திய பணம் சம்பள இழப்பில் போய்விடும். அடுத்து, பெரிய நகர மருத்துவமனைகள், குறிப்பாக மேக்னட் என்ற நர்சிங் தர அங்கீகாரம் உள்ளவை, புதியவர்களில் பி.எஸ்.என். உள்ளவர்களையே முதலில் எடுக்கும். நியூயார்க்கில் 2017-இல் வந்த சட்டப்படி லைசென்ஸ் கிடைத்த 10 வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும்.

முடிவு செய்ய எளிய வழி ஒன்று. நீங்கள் வேலை பார்க்கக்கூடிய 30 மைலுக்குள் உள்ள மருத்துவமனைகளின் நியூ கிராட் விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். பி.எஸ்.என். கட்டாயம் என்று இருக்கிறதா, அல்லது சேர்ந்த சில வருடங்களில் முடிக்க ஒப்புக்கொண்டால் போதும் என்று இருக்கிறதா? இரண்டாவது வகை அதிகம் என்றால் ஏடிஎன் நல்ல வழி. முதல் வகை அதிகம் என்றால் ஏபிஎஸ்என். கல்லூரி ஆலோசகரைவிட அந்த விளம்பரங்கள் நேர்மையாகப் பதில் சொல்லும்.

இதைப் படிக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் ஒன்று. ஊரில் வாங்கிய பேச்சலரும் பேச்சலர்தான், அதனால் பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய அரசு உதவி) கிடையாது. ஏபிஎஸ்என்னுக்கு இளநிலைக் கடன், வருடத்துக்கு 12,500 டாலர் உச்சவரம்பு, மொத்தத்தில் 57,500. இங்கே முன்பு ஒரு டிகிரிக்குக் கடன் வாங்கியிருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். தனியார் ஏபிஎஸ்என்னுக்கு இது போதவே போதாது.

என்பி_வழி

நேரடி எம்எஸ்என் கேள்விக்குச் சுருக்கமாக. ஆகமுடியாது, பெரும்பாலும்.

நர்சிங் அல்லாத டிகிரி உள்ளவர்களுக்கான நுழைவுநிலை எம்எஸ்என் பலவும் உங்களைப் பொது ஆர்.என். ஆக்கி விடும், அவ்வளவுதான். கையில் மாஸ்டர்ஸ் இருக்கும், வேலை அதே படுக்கையோர வேலை, தொடக்கச் சம்பளமும் கிட்டத்தட்ட அதே. நர்ஸ் ப்ராக்டிஷனர் ஆக அதற்கென்றே உள்ள பிரிவு, அதற்கான நேரடி சிகிச்சைக் கிளினிக்கல் மணிநேரங்கள், தனிச் சான்றிதழ் தேர்வு எல்லாம் வேண்டும். பட்டப் பெயரில் குடும்பநலம், மனநலம் என்று ப்ராக்டிஷனர் பிரிவு குறிப்பிட்டிருந்தால் ஒழிய அது ப்ராக்டிஷனர் படிப்பு அல்ல. அப்படிக் குறிப்பிட்டிருந்தால் அந்தப் படிப்பு மூன்று வருடம் போல இழுக்கும்.

கடன் வாங்கிப் படிப்பவர்களுக்கு: முதுநிலைக்கு வருடத்துக்கு 20,500 டாலர் நேரடிக் கடன். மீதியை அடைக்க உதவிய கிராட் பிளஸ் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு இல்லை. நேரடி எம்எஸ்என் கணக்கு இதனால் ரொம்பவே மாறிவிட்டது, பழைய பதிவுகளை நம்பிச் சேராதீர்கள்.

வைகை_ஒகாயோ

கல்லூரியின் தரம் பார்ப்பது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் சோதனை இரண்டு பெயர். மாநில நர்சிங் போர்டின் ஒப்புதல், அதோடு சிசிஎன்இ அல்லது ஏசிஇஎன் அங்கீகாரம். கல்லூரிப் பக்கத்தில் பார்க்காதீர்கள், போர்டின் பட்டியலிலும் அங்கீகார அமைப்பின் பட்டியலிலும் பாருங்கள். 2023 ஜனவரியில் வெளியான ஆபரேஷன் நைட்டிங்கேல் வழக்கில் ஃப்ளோரிடாவின் 3 பள்ளிகள் 7,600-க்கும் மேல் போலிச் சான்றிதழ் விற்றது தெரியவந்தது. வாங்கியவர்களில் என்கிளெக்ஸ் தேறி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. கிளினிக்கல் இல்லாமல் சில வாரத்தில் டிகிரி என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

இரண்டாவது, என்கிளெக்ஸ் முதல் முயற்சித் தேர்ச்சி. பல மாநில போர்டுகள் கல்லூரிவாரியாக வெளியிடுகின்றன. ஆனால் அந்த எண் மட்டும் பார்த்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போல. பல கல்லூரிகள் கடைசி செமஸ்டரில் ஹெசி எக்சிட் அல்லது ஏடிஐ ப்ரெடிக்டர் தேர்வு வைத்து, அதில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுக்காதவர்களைப் பட்டம் பெற விடாது. பலவீனமானவர்கள் என்கிளெக்ஸ் மேசைக்கே போகமாட்டார்கள். தேர்ச்சி எண் அழகாக இருக்கும்.

ஒரு கணக்கு. அ கல்லூரியில் 50 பேர் சேர்ந்து 32 பேர் முடித்து 31 பேர் தேறினால் 97 சதவீதம். ஆ கல்லூரியில் 50 பேர் சேர்ந்து 46 பேர் முடித்து 42 பேர் தேறினால் 91 சதவீதம். விளம்பரத்தில் அ ஜெயிக்கும். ஆனால் சேர்ந்த 50 பேரில் நர்ஸ் ஆனவர்கள் அ-வில் 62 சதவீதம், ஆ-வில் 84. பணம் கட்டிச் சேர்பவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண். எனவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: போன மூன்று பேட்ச்சிலும் முதல் நாள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், அதே பேட்ச்சோடு எத்தனை பேர் முடித்தார்கள்? பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் அதுவே பதில்.

மூன்றாவது, ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனால் என்ன? பொதுவாகத் தேர்ச்சிக் கோடு 75-க்கும் 78-க்கும் இடையில் இருக்கும், 77.9-ஐ 78 ஆக்கமாட்டார்கள். ஒரு முறை தவறினால் அடுத்த பேட்ச், இரண்டாவது முறை வெளியே. அடுத்த பேட்ச் நான்கு மாதத்தில் வருமா, ஒரு வருடத்திலா? வருடத்துக்கு ஒரே பேட்ச் எடுக்கும் இடத்தில் ஒரு பாடம் தவறுவதன் விலை ஒரு முழு வருடம்.

நான்காவது, கிளினிக்கல் எங்கே? ஆன்லைன் ஏபிஎஸ்என் என்பவற்றில் பாடம்தான் ஆன்லைன். லேபும் கிளினிக்கலும் நேரில்தான். காலை 6.45-க்கு வார்டில் நிற்க வேண்டும் என்றால் 70 மைல் தள்ளிப் போடும் இடம் ஒத்துவருமா? பிரசவம், குழந்தைகள், மனநலம் மூன்றுக்கும் நிஜ வார்டு உண்டா, சிமுலேஷன் (பொம்மை நோயாளியை வைத்துச் செய்யும் பயிற்சி) எத்தனை பங்கு? 2014-இல் வெளியான தேசிய ஆய்வு, நன்றாக நடத்தினால் பாதி வரை சிமுலேஷன் சரி என்று காட்டியது. நன்றாக நடத்தினால் என்பது முக்கியம்.

கடலூர்க்காரி

இந்தச் சதவீதக் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். நுழைவுத் தேர்வு கடினமா? உள்ளே போனபின் இன்ஜினியரிங் படித்தவர்கள் எங்கே தடுமாறுவார்கள்?

மெட்சர்ஜ்_பக்கம்

டீஸ் தேர்வு: 170 கேள்வி, 209 நிமிடம். ரீடிங் 45, கணிதம் 38, அறிவியல் 50, ஆங்கிலம் 37. கணிதம் உங்களுக்கு எட்டாம் வகுப்பு அளவு. அறிவியலில் மிகப் பெரிய பங்கு உடலியல், அதனால் அனாட்டமி இரண்டு முடிந்த கையோடு எழுதுங்கள், அதற்கு முன் வேண்டாம். சில கல்லூரிகள் ஹெசி ஏ2 கேட்கும். எது என்று பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

உள்ளே போனபின் தடுமாற்றம் இரண்டு இடத்தில். முதலாவது மருந்தளவுக் கணக்கு. கணக்கு கஷ்டம் இல்லை, தேர்ச்சிக் கோடு கஷ்டம். 90 அல்லது 100 சதவீதம் எடுத்தால்தான் வார்டில் மருந்து தொட விடுவார்கள்.

உதாரணம்: நோயாளி எடை 154 பவுண்ட். ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட். பையில் 250 மி.லி.யில் 25,000 யூனிட். பம்ப்பில் என்ன எண்? 154-ஐ 2.2-ஆல் வகுத்தால் 70 கிலோ. 70-ஐ 18-ஆல் பெருக்கினால் மணிக்கு 1,260 யூனிட். பையில் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். ஆக மணிக்கு 12.6 மி.லி. பவுண்டை மாற்ற மறந்தவர் 27.7 எழுதுவார், அது இரு மடங்குக்கும் மேல், நிஜ நோயாளிக்கு ரத்தப்போக்கு. தசமத்தில் ஒரு இடம் என்று கேட்டிருக்கும்போது 13 என்று எழுதினால் அதுவும் தவறு. எழுதும் முறைக்கும் மதிப்பெண் போகும்: .5 என்று எழுதாமல் 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட்டு எழுத வேண்டும், 5 என்பதை 5.0 என்று எழுதக்கூடாது. புள்ளி கண்ணில் படாவிட்டால் .5 என்பது 5 ஆகும், 5.0 என்பது 50 ஆகும்.

இரண்டாவது, கேள்வியின் இயல்பு. நம் ஊர்த் தேர்வில் ஒரு விடை சரி, மூன்று தவறு. இங்கே நான்கும் சரியாக இருக்கும், எது முதலில் என்பதுதான் கேள்வி. நான்கு நோயாளிகள்: அறுவை முடிந்து இரண்டாம் நாள், வலி 10-க்கு 7. சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளி, ஆக்சிஜன் 90 சதவீதம். சர்க்கரை 180 உள்ளவர். காலையில் தைராய்டு அறுவை முடிந்தவர், மூச்சு இழுக்கும்போது புதிதாகக் கிரீச் என்று சத்தம். யாரிடம் முதலில் போவீர்கள்? எண்களைப் பார்த்துப் பழகியவர் 90-ஐப் பார்த்துச் சிஓபிடி நோயாளியிடம் ஓடுவார். அவருக்கு அது எதிர்பார்க்கும் அளவு. கழுத்தில் அறுவை முடிந்தவரின் சத்தம் மூச்சுக்குழாய் அடைபடுவதன் அறிகுறி, அவர்தான் முதலில். மனப்பாடம் செய்தவருக்கு முதல் தேர்விலேயே 60-களில் மதிப்பெண் வருவதற்குக் காரணம் இதுதான். முதல் வாரத்திலிருந்தே தினம் 30, 40 கேள்வி போட்டு, தவறான விடை ஏன் தவறு என்பதையும் படிக்க வேண்டும்.

என்கிளெக்ஸும் இதே தடத்தில்தான், 2023 ஏப்ரலிலிருந்து நோயாளிக் கதை ஒன்றை வைத்து ஆறாறு கேள்வி கேட்கும் பகுதியும் சேர்ந்துவிட்டது. 85 முதல் 150 கேள்வி, 5 மணி நேரம். தவறினால் 45 நாள் கழித்துத்தான் மறுபடி.

தடுப்பூசி_மேசை

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. உடல்நலக் காகிதங்கள். இடம் கிடைத்தபின் கிளினிக்கலுக்குள் விடாமல் நிறுத்துவது பெரும்பாலும் இதுதான்.

காசநோய்ச் சோதனை: நமக்கெல்லாம் குழந்தையில் பிசிஜி போட்டிருப்பதால் தோலில் குத்தும் சோதனை வீங்கிப் பாசிட்டிவ் காட்டக்கூடும். கையில் குத்தவிடாமல் குவான்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், அது பிசிஜியால் ஏமாறாது. அதிலும் பாசிட்டிவ் வந்தால் எக்ஸ்ரே, பிறகு மூன்று நான்கு மாத மாத்திரை. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நேரம் வேண்டும்.

ஹெபடைடிஸ் பி: மூன்று ஊசி, 0, 1, 6-ஆம் மாதம். வழக்கமான இந்த அட்டவணையில் ஆறு மாதம் ஆகும். இரண்டு ஊசியில் முடியும் வகை ஒன்று உண்டு, ஒரு மாத இடைவெளி, டாக்டரிடம் கேட்கலாம். முடிந்தபின் ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருப்பதைக் காட்ட வேண்டும். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா), சின்னம்மை இரண்டும் உயிருள்ள தடுப்பூசிகள். ஒரே நாளில் போடலாம், இல்லையேல் 28 நாள் இடைவெளி. குவான்டிஃபெரானையும் அதே நாளில் எடுங்கள், தவறினால் நாலு வாரம் காத்திருக்க வேண்டும். ஊர்ச் சீட்டு தொலைந்திருந்தால் ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்தாலே போதும்.

பிஎல்எஸ் (மூச்சோ இதயத்துடிப்போ நின்றவருக்கான அடிப்படை உயிர்காப்பு) சான்றிதழ் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் கைப்பயிற்சி உள்ள வகுப்பாக இருக்கட்டும். முழுக்க ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பி அனுப்புவார்கள்.

கம்யூனிட்டி_காலேஜ்_கட்சி

சகோதரி, பெரிய தொகை கட்டுவதற்கு முன் சிஎன்ஏ (நர்சிங் உதவியாளர்) பயிற்சி ஒன்று முடித்துப் பாருங்கள். மத்திய விதிப்படி குறைந்தது 75 மணி நேரம். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, பெட்பேன், எழுந்து நடக்க வைப்பது. நர்ஸ் வேலையின் உடல் உழைப்பு எப்படி இருக்கும் என்பது அதில் தெரிந்துவிடும். சில கல்லூரிகள் சேர்க்கையில் அதற்குப் புள்ளியும் தரும். இஏடி வந்தபின் அதில் சம்பளத்துக்கும் வேலை பார்க்கலாம்.

கடலூர்க்காரி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படி யோசிக்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். இந்த வாரம் டிரான்ஸ்கிரிப்ட், இஏடி படிவம். கம்யூனிட்டி காலேஜில் ப்ரீரெக், ஏடிஎன், ஏபிஎஸ்என் இரண்டுக்கும் பொருந்தும்படி. கோடையில் அனாட்டமி ஒன்று, கெமிஸ்ட்ரி, மைக்ரோ மூன்றையும் சேர்த்து முடித்தால் ஒரு செமஸ்டர் மிச்சம். இலையுதிர் பருவத்தில் அனாட்டமி இரண்டு, டீஸ், விண்ணப்பம்.

மெட்சர்ஜ்_பக்கம்

கோடைத் திட்டத்தை மட்டும் மாற்றுங்கள். 16 வாரப் பாடத்தை 8 வாரத்தில் நடத்துவார்கள். லேபோடு ஒன்றே வாரம் 25 மணி நேரம் கேட்கும், மூன்று என்றால் முடியாது. ஏபிஎஸ்என் சேர்க்கையில் அறிவியல் பாடங்களின் சராசரியைத் தனியாகப் பார்ப்பார்கள், ஒரு பாடத்தைத் திரும்ப எடுக்கவும் வரம்பு வைத்திருப்பார்கள். அவசரத்தில் விழும் ஒரு சி உங்களை இரண்டு செமஸ்டர் பின்னே தள்ளும். கோடையில் கெமிஸ்ட்ரியும் புள்ளியியலும். இலையுதிரில் அனாட்டமி ஒன்றும் நியூட்ரிஷனும். வசந்தத்தில் அனாட்டமி இரண்டும் மைக்ரோவும், மே மாதம் டீஸ். அனாட்டமி லேபில் எலும்பு மாதிரியைக் கையில் எடுத்து ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் பெயர் சொல்லிப் பழகுங்கள், படத்தைப் பார்த்துப் படித்தவர்கள் லேப் தேர்வில் மாதிரியைத் திருப்பி வைத்தாலே தடுமாறுவார்கள்.

தடுப்பூசி_மேசை

ஹெபடைடிஸ் முதல் ஊசியையும் இந்த வாரப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.